டிஸ்சார்ஜ் அன்றைக்கு இன்சூரன்ஸ் அப்ரூவல்: மூன்று மணி நேர விதி இருக்கிறதாமே, க்வெரி போட்டால் அந்தக் கணக்கு என்ன ஆகிறது?

தேவகோட்டைப் பையன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இன்சூரன்ஸ் விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாகப் படித்துப் பதில் சொல்லவும், கொஞ்சம் நீளம்தான்.

அண்மையில் அப்பச்சிக்கு (எங்கள் பக்கம் அப்பாவை அப்பச்சி, அம்மாவை ஆத்தா என்போம்) மதுரையில் பித்தப்பைக் கல் ஆபரேஷன் நடந்தது. லேப்ராஸ்கோப்பிதான், உடம்பில் சிக்கல் எதுவும் இல்லை, இப்போது கஞ்சி வேண்டாம் வெள்ளைப் பணியாரம் கொண்டா என்று ஆத்தாவிடம் சண்டை போடுகிற அளவுக்குத் தேறிவிட்டார். சிக்கல் எல்லாம் ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் கவுன்ட்டரில்தான்.

அட்மிஷன் அன்றைக்குக் காலையிலேயே ஃபாரம், ஆதார், பாலிசி கார்டு எல்லாம் கொடுத்தாயிற்று. மதியம் போல முதல் அப்ரூவல் வந்தது, எஸ்டிமேட்டில் பாதித் தொகைக்கு. மீதி டிஸ்சார்ஜில் வரும், வழக்கம்தான் என்றார்கள், சரி என்று விட்டுவிட்டேன். டிஸ்சார்ஜ் அன்று காலை ரவுண்ட்ஸில் டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார், நாங்களும் காரை வரச் சொல்லிவிட்டோம். அப்புறம் உட்கார்ந்ததுதான். பில் ரெடியாகிறது, பில் ரெடியாகிறது என்றே மதியம் ஆயிற்று. அதன்பின் 'கம்பெனிக்கு அனுப்பியாச்சு சார், வெயிட் பண்ணுங்க'. சாயங்காலம் ஒரு க்வெரி வந்தது: நோயாளிக்குச் சர்க்கரை நோய் எப்போதிலிருந்து இருக்கிறது, முதன்முதலில் பார்த்த டாக்டரின் சீட்டு வேண்டும். பித்தப்பைக் கல்லை எடுத்ததற்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் கவுன்ட்டரில் இருந்த பெண்ணுக்கும் தெரியவில்லை. அந்தச் சீட்டோ தேவகோட்டை வீட்டில் அலமாரியில். ஆத்தாவுக்குப் போன் போட்டு, அவர் கண்ணாடியைத் தேடி, பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டு வாட்ஸாப்பில் போட்டோ அனுப்பி, கடைசி அப்ரூவல் வரும்போது இரவாகிவிட்டது. அதற்குள் ஆஸ்பத்திரியில் இன்னொரு நாள் ரூம் வாடகையைப் பில்லில் ஏற்றிவிட்டார்கள். அதை இன்சூரன்ஸ் கம்பெனி தரவில்லை, நாங்கள்தான் ஜிபேயில் கட்டிவிட்டு வந்தோம்.

வீட்டுக்கு வந்து தேடினால், அட்மிஷன் அப்ரூவலுக்கு ஒரு மணி நேரம், டிஸ்சார்ஜுக்கு மூன்று மணி நேரம், அதற்கு மேல் போனால் கம்பெனிதான் செலவை ஏற்க வேண்டும் என்று விதியே இருக்கிறது என்கிறார்கள். இது உண்மையான சட்டமா, அல்லது பேப்பரில் வந்த செய்தியோடு சரியா? க்வெரி போட்டால் கடிகாரம் நின்றுவிடுமா? நாங்கள் கட்டிய வாடகையைத் திரும்பக் கேட்க முடியுமா? தை பிறந்ததும் ஆத்தாவுக்கு முழங்கால் மாற்று ஆபரேஷன் பேசிக்கொண்டிருக்கிறோம், அதனால் இதைத் தெரிந்துகொள்ளாமல் விட முடியாது.

செக்காலை ரோடு ஏஜெண்ட் எழுதியது:

தம்பி, விதி இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. 2024 மே 29 அன்று ஐஆர்டிஏஐ, அதாவது இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஒழுங்குமுறை ஆணையம், வெளியிட்ட ஹெல்த் இன்சூரன்ஸ் மாஸ்டர் சர்க்குலர். அதுவரை துண்டு துண்டாக இருந்த 55 சர்க்குலர்களை எடுத்துவிட்டு ஒன்றாகப் போட்டது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் இல்லைதான். ஆனால் 1938 இன்சூரன்ஸ் சட்டமும் 1999 ஐஆர்டிஏ சட்டமும் கொடுத்த அதிகாரத்தில் போட்டது, கம்பெனிகள் கட்டுப்பட்டே ஆக வேண்டும். ஏற்பாடுகளைச் செய்துமுடிக்க அந்த வருஷம் ஜூலை 31 வரை அவகாசம் கொடுத்தார்கள், அதெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது.

அதில் இருப்பது இதுதான். கேஷ்லெஸ் (நாம் கட்டாமல் கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேராகக் கட்டுவது) கேட்டு ஆஸ்பத்திரி அனுப்பும் விண்ணப்பத்தின் மேல் உடனடியாக, அதிகம் போனால் ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் விண்ணப்பம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்று மணி நேரத்துக்குள் கடைசி அப்ரூவல் கொடுக்க வேண்டும். மூன்று மணி நேரம் தாண்டி, அதனால் ஆஸ்பத்திரி கூடுதலாக ஏதாவது வாங்கினால், அந்தத் தொகையைக் கம்பெனி தன் பங்குதாரர் நிதியிலிருந்து கட்ட வேண்டும். இந்தப் 'பங்குதாரர் நிதி'யைப் பலர் கவனிப்பதில்லை. நம் ஊர்ப் பாணியில் சொன்னால், கடைப் பெட்டியிலிருந்து எடுக்கக் கூடாது, முதலாளி தன் சொந்தப் பணத்தைத் தர வேண்டும். நீங்கள் எல்லாரும் கட்டிய பிரீமியத்தில் கை வைக்கக் கூடாது, உங்கள் காப்பீட்டுத் தொகையிலும் கழிக்கக் கூடாது.

சிகிச்சையின்போது நோயாளி இறந்துவிட்டால் கிளெய்மை உடனே முடித்து, உடலை வீட்டார் உடனே கொண்டுபோக வழி செய்ய வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. பில் பாக்கிக்காக உடலை வைத்துக்கொண்டு குடும்பத்தை நிற்க வைக்கிற கொடுமையை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம், அதனால் சொல்கிறேன்.

அடுத்து க்வெரி. அந்த மூன்று மணி நேரப் பத்தியில், விளக்கம் கேட்டால் நேரம் நிற்கும் என்று எந்த வரியும் இல்லை. கம்பெனிகள் 'எல்லாக் காகிதமும் வந்த நேரத்திலிருந்து' என்று தங்களுக்குச் சாதகமாக எண்ணிக்கொள்கிறார்கள். இன்னொரு வரியும் இருக்கிறது: கிளெய்முக்கு வேண்டிய காகிதங்களைக் கம்பெனியோ டிபிஏவோ (கம்பெனிக்காகக் கிளெய்மைப் பார்க்கும் இடை நிறுவனம்) ஆஸ்பத்திரியிடமிருந்துதான் வாங்க வேண்டும், பாலிசிதாரரை அலைய விடக் கூடாது. உங்கள் பழைய சீட்டு அந்த ஆஸ்பத்திரியிடம் இருக்காது என்பது வேறு விஷயம், அந்த இடத்தில்தான் அவர்கள் நுழைகிறார்கள்.

அப்பச்சியின் பாலிசிக்கு வயது என்ன? விட்டுப்போகாமல் 60 மாதம் முடிந்திருந்தால் சொல்லுங்கள், கதையே மாறும்.

முன்னாள் டெஸ்க் எழுதியது:

திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்க்கில் சில வருஷம் வேலை பார்த்தவள் என்பதால் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

மேலே அண்ணன் சொன்ன விதியில் 'ஆஸ்பத்திரியிலிருந்து விண்ணப்பம் வந்த நேரத்திலிருந்து' என்று இருக்கிறது பாருங்கள், உங்கள் நாள் முழுக்க அந்த ஒரு சொல்லுக்குள்தான் தொலைந்திருக்கிறது. டாக்டர் காலையில் 'போகலாம்' என்று சொன்ன நிமிடத்திலிருந்து நீங்கள் எண்ணுகிறீர்கள். கம்பெனியின் கடிகாரம் அப்போது ஓடவே ஆரம்பிக்கவில்லை. டாக்டர் சொன்னதும் வார்டில் என்ன நடக்கும் தெரியுமா? டூட்டி டாக்டர் டிஸ்சார்ஜ் சம்மரி எழுத வேண்டும், அவர் அடுத்த ஆபரேஷனுக்குப் போயிருப்பார். அதை டைப் அடித்து, பெரிய டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். வார்டில் மிச்சமிருக்கும் ஊசி மருந்தை ஃபார்மஸிக்குத் திருப்பி அனுப்பி ரிட்டர்ன் போட வேண்டும், ரிட்டர்ன் ஏறாமல் பில்லை மூட முடியாது. லேப் பாக்கி, ஸ்கேன் பாக்கி, மயக்க மருந்து டாக்டரின் ஃபீஸ். இத்தனையும் சேர்ந்து ஃபைனல் பில் ஆகி டெஸ்க்குக்கு வந்தால்தான் நாங்கள் கம்பெனியின் ஆன்லைன் போர்ட்டலில் ஏற்றுவோம். அந்த அப்லோட் பட்டனை அமுக்கும் நேரம்தான் மூன்று மணி நேரத்தின் தொடக்கம். சில சமயம் அதற்கே மூன்று மணி ஆகிவிடும், பிற்பகல் மூன்று மணி.

இதில் ஆஸ்பத்திரியின் தப்பு பாதி. ஆனால் 'கம்பெனியில் லேட்' என்று சொல்வது டெஸ்க்குக்கு ரொம்ப வசதி. எந்த உறவினரும் கம்பெனி ஆளின் முகத்தைப் பார்க்கப் போவதில்லை அல்லவா.

அதனால் வாடகையைத் திரும்பக் கேட்கும்முன் ஒன்றைக் கண்டுபிடியுங்கள் தம்பி. ஃபைனல் பில் போர்ட்டலில் எத்தனை மணிக்கு ஏறியது, க்வெரி எத்தனை மணிக்கு வந்தது, பதில் எத்தனை மணிக்குப் போனது, அப்ரூவல் எத்தனை மணிக்கு. நான்கும் போர்ட்டலில் நிமிடம் உட்படப் பதிவாகியிருக்கும். டெஸ்க்கில் தர மாட்டோம் என்றால் கம்பெனிக்கு உங்கள் மெயிலிலிருந்தே கேளுங்கள், அப்ரூவல் லெட்டரின் மேலேயும் தேதியும் நேரமும் பெரும்பாலும் இருக்கும். உங்கள் போனுக்கு எஸ்எம்எஸ் வந்திருந்தால் அழிக்காதீர்கள்.

அந்தச் சர்க்கரை க்வெரி எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது வீட்டுக்கு வீடு நடக்கிறது. அட்மிஷன் அன்று இளம் டாக்டர் ஒருவர் வந்து 'ஐயா, சுகர் எத்தனை வருஷமா இருக்கு?' என்று கேட்பார். நம் ஊர்ப் பெரியவர்கள் குத்துமதிப்பாக 'அது கெடக்கு ஒரு பத்துப் பதினஞ்சு வருஷமா' என்பார்கள். அவர் கேஸ் ஷீட்டில் பதினைந்து வருஷம் என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். பாலிசி எடுத்தது ஆறு வருஷத்துக்கு முன்னால், அப்போது நிரப்பிக் கொடுத்த பிரபோசல் ஃபாரத்தில் சர்க்கரை இல்லை என்று டிக். கேஸ் ஷீட்டைத் திறந்ததும் கம்பெனி டாக்டரின் கண்ணில் முதலில் படுவது அந்த வரிதான். பித்தப்பைக்கும் சர்க்கரைக்கும் சம்பந்தம் இல்லை என்று அவருக்கும் தெரியும். அவர் தேடுவது மறைத்தீர்களா என்பதை.

பொய் சொல்லச் சொல்லவில்லை. உண்மையான வருஷத்தைச் சொல்லுங்கள், குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள் என்கிறேன். அம்மாவை அட்மிட் செய்யும்போது பழைய சீட்டு, முதல் சுகர் டெஸ்ட் ரிசல்ட், பிரஷர் மாத்திரை ஆரம்பித்த சீட்டு எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள். அந்தக் கேள்வி கேட்கப்படும்போது பக்கத்தில் நீங்கள் இருங்கள்.

புதுவயல் மாமா எழுதியது:

விதியாம் விதி. சர்க்குலரைக் காட்டினால் கவுன்ட்டரில் 'சார் அதெல்லாம் எங்களுக்கு வரலை' என்பான். இரவு எட்டு மணிக்கு வயசானவரை வீல் சேரில் வைத்துக்கொண்டு எவன் நியாயம் பேசுவான், கட்டிவிட்டு வீடு போய்ச் சேரத்தான் பார்ப்பான். அவர்களுக்கும் அது தெரியும். ஐயாயிரம் ஆறாயிரத்துக்கு யாரும் கேஸ் போட மாட்டார்கள் என்கிற தைரியம்தான் எல்லாம்.

இன்னொன்று. நம் பக்கத்துச் சின்ன நர்சிங் ஹோம்கள் எத்தனை எந்தக் கம்பெனியின் கேஷ்லெஸ் லிஸ்ட்டில் இருக்கின்றன? நெஞ்சு வலி என்றால் மதுரைக்கோ திருச்சிக்கோ போகிறவரை தாங்குமா? முதலில் காரைக்குடியில் சேர்த்து, பணத்தைக் கட்டித்தான் ஆக வேண்டியிருக்கிறது. ஒரு மணி நேர அப்ரூவல் எல்லாம் பெரிய ஊருக்கு.

செக்காலை ரோடு ஏஜெண்ட் எழுதியது:

மாமா, கோபம் நியாயம்தான், ஆனால் லிஸ்ட்டில் இல்லாத ஆஸ்பத்திரிக்கும் ஒரு வழி இருக்கிறது. 2024 ஜனவரியில் கம்பெனிகளின் கூட்டமைப்பான ஜெனரல் இன்சூரன்ஸ் கவுன்சில் 'கேஷ்லெஸ் எவ்ரிவேர்' என்று ஆரம்பித்தது. திட்டமிட்ட ஆபரேஷன் என்றால் அட்மிஷனுக்கு 48 மணி நேரம் முன்பே கம்பெனிக்குத் தகவல் சொல்ல வேண்டும், அவசரம் என்றால் சேர்த்த 48 மணி நேரத்துக்குள். கம்பெனியும் ஆஸ்பத்திரியும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதால் எல்லா இடத்திலும் நடந்துவிடுவதில்லை. என் அனுபவத்தில் சின்ன ஆஸ்பத்திரிகள் 'எங்களுக்குப் பணம் எப்போ வரும்' என்று பயந்து முதலிலேயே வேண்டாம் என்கிறார்கள். ஆனாலும் தகவலைச் சொல்லி ஒரு நம்பர் வாங்கி வைத்துவிடுங்கள், பின்னால் பில்லை அனுப்பி வாங்கும்போது அதே நம்பர் உதவும்.

ஐயாயிரத்துக்கு யார் கேஸ் போடுவார் என்பதற்கு: கேஸே போட வேண்டாம், வக்கீலும் வேண்டாம். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஒரு மெயில். சர்க்குலர் தேதி, அப்லோட் நேரம், அப்ரூவல் நேரம், கூடுதலாகக் கட்டிய வாடகை ரசீது, நான்கு வரி போதும். இரண்டு வாரத்துக்குள் அவர்கள் பதில் சொல்ல வேண்டும். கூடவே ஐஆர்டிஏஐயின் 'பீமா பரோசா' புகார்த் தளத்தில் பதிந்துவிடலாம், 155255 என்ற எண்ணுக்குப் போன் பண்ணியும் பதியலாம். ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேன், கோர்ட்டுக்குப் போகாமல் இந்தத் தகராறுகளைத் தீர்த்துவைப்பவர். தமிழ்நாட்டுக்குச் சென்னையில் அலுவலகம். கட்டணம் கிடையாது, ஆன்லைனில் மனு கொடுக்கலாம், விசாரணைகூட வீடியோவில் வைக்கலாம், அதனால் பஸ் ஏற வேண்டியதில்லை. கம்பெனி கைவிரித்த ஒரு வருஷத்துக்குள் போய்விட வேண்டும், அதை மட்டும் மறக்கக் கூடாது. ஓம்பட்ஸ்மேன் தீர்ப்புச் சொல்லி 30 நாளுக்குள் கம்பெனி நிறைவேற்றவில்லை என்றால், தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்று அதே சர்க்குலரில் இருக்கிறது. வாடகை ஐயாயிரமா, அப்புறம் நாளுக்கு ஐயாயிரமா என்று அவர்களே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

சின்னத் தொகைக்கு யாரும் புகார் கொடுப்பதில்லை என்பதால்தான் க்வெரி போடுவது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. என் கிளையண்டுகளுக்கு நான் மெயில் எழுதிக் கொடுக்கிறேன், சிலருக்குப் பணம் வந்திருக்கிறது, சிலருக்கு 'ஆஸ்பத்திரி லேட்டாக அனுப்பியது' என்று பதில் வந்திருக்கிறது. அந்தப் பதில் வந்தால் அதை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியிடம் போகலாம், 'பில் போடத் தாமதித்தது நீங்கள், வாடகை எதற்கு' என்று. யாராவது ஒருவர் பொறுப்பேற்றுத்தான் ஆக வேண்டும், இருவருமே கையை விரிக்க முடியாது.

பள்ளத்தூரான், இப்போது நியூ ஜெர்ஸி எழுதியது:

இங்கே இதற்குப் 'பிரையர் ஆத்தரைசேஷன்' (முன் அனுமதி) என்று பெயர். ஒரு மணி நேரம், மூன்று மணி நேரம் என்று நீங்கள் பேசுவதைப் படித்தால் இங்கிருப்பவர்கள் மயங்கி விழுவார்கள்.

அமெரிக்காவில் 2024 ஜனவரியில் ஒரு விதியை இறுதி செய்தார்கள், மெடிகேர் (முதியோருக்கான அரசு இன்சூரன்ஸ்), மெடிகெய்டு (வசதியில்லாதவர்களுக்கானது) இரண்டையும் பார்த்துக்கொள்ளும் சிஎம்எஸ் என்கிற மத்திய அரசு அமைப்பு போட்டது. 2026 ஜனவரி 1 முதல், அவசர விண்ணப்பத்துக்கு 72 மணி நேரத்துக்குள், சாதாரண விண்ணப்பத்துக்கு 7 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். ஏழு நாள் என்பதே பெரிய முன்னேற்றம், அதற்கு முன் மெடிகேர் அட்வான்டேஜ் (தனியார் கம்பெனிகள் நடத்தும் மெடிகேர்) பாலிசிகளுக்கு 14 நாள். அதுவும் மெடிகேர் அட்வான்டேஜ், மெடிகெய்டு மாதிரி அரசு சம்பந்தப்பட்டவற்றுக்குத்தான், மருந்துகளுக்கு இந்த விதி கிடையாது. என்னை மாதிரி ஆபீஸ் மூலம் இன்சூரன்ஸ் வைத்திருப்பவர்களுக்கு 1974இல் வந்த எரிசா சட்டத்தின் கீழ் வேறு விதி, அவசரம் என்றால் 72 மணி நேரம், மற்றதற்கு 15 நாள், அதையும் ஒரு தடவை நீட்டிக்கலாம். மாநிலங்கள் தனித்தனியாகச் சட்டம் போட்டாலும், வேலை கொடுக்கும் கம்பெனியே சொந்தப் பணத்தில் நடத்தும் திட்டங்களை அந்த மாநிலச் சட்டம் தொடாது. ஆக, உங்களுக்கு எந்தக் கடிகாரம் என்று தெரிந்துகொள்ளவே ஒரு வாரம் ஆகும்.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும், இரண்டும் ஒரே மாதிரி விஷயம் இல்லை. இங்கே அப்ரூவல் வாங்குவது பெரும்பாலும் ஸ்கேனுக்கும் ஆபரேஷனுக்கும் முன்னால், வீட்டில் உட்கார்ந்துகொண்டு காத்திருப்போம். எமர்ஜென்சி ரூமுக்குப் போக முன் அனுமதி கேட்கவே கூடாது என்று 2010இல் வந்த ஒபாமாகேர் சட்டத்திலேயே இருக்கிறது. அங்கேயோ ஆளை அட்மிட் பண்ணிய பிறகு கேட்கிறார்கள், அதனால் மணிக் கணக்கு.

எனக்குப் பிடித்தது அந்தச் சிஎம்எஸ் விதியில் இன்னொன்று. மறுத்தால் குறிப்பான காரணம் சொல்ல வேண்டும். அதோடு எத்தனை விண்ணப்பம் வந்தது, எத்தனை சதவீதம் மறுத்தோம், சராசரியாக எவ்வளவு நேரம் எடுத்தோம் என்பதை ஒவ்வொரு கம்பெனியும் வருஷா வருஷம் தன் வெப்சைட்டில் போட வேண்டும். அந்த மாதிரி ஒரு பட்டியல் அங்கே இருந்தால், பாலிசி எடுக்கும் முன் பிரீமியத்தைப் பார்ப்பது போல அதையும் பார்ப்போம் அல்லவா. டெக்ஸஸில் 2021இல் ஒரு சட்டம் போட்டார்கள், ஒரு டாக்டரின் விண்ணப்பங்களில் 90 சதவீதம் அனுமதிக்கப்பட்டிருந்தால் அந்தச் சிகிச்சைக்கு அவர் இனிமேல் அனுமதியே கேட்க வேண்டாம். கோல்டு கார்டு என்கிறார்கள். மதுரையில் நாளுக்குப் பத்துப் பித்தப்பை எடுக்கும் டாக்டரிடம் ஒவ்வொரு தடவையும் விளக்கம் கேட்பதில் என்ன லாபம்?

முன்னாள் டெஸ்க் எழுதியது:

பள்ளத்தூர்த் தம்பி சொன்ன அந்தப் பட்டியல் வந்தால் டெஸ்க்கில் வேலை பார்ப்பவர்களே முதலில் கும்பிடுவார்கள். எந்தக் கம்பெனி சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் க்வெரி போடும், எது போட்டதை ஏற்றுக்கொள்ளும் என்று எங்களுக்கு மனப்பாடமாகத் தெரியும், வெளியில் சொல்லத்தான் முடியாது.

காரணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கேயும் கிளெய்மை மறுத்தால் பாலிசியின் எந்த நிபந்தனையின் கீழ் என்று குறிப்பிட வேண்டும். கம்பெனிக்குள் இருக்கும் ரிவியூ கமிட்டி ஒப்புக்கொள்ளாமல் நிராகரிக்கவும் கூடாது. ஆனால் 'கேஷ்லெஸ் மறுக்கப்பட்டது' என்று வரும் லெட்டரைப் பார்த்துப் பலர் கிளெய்மே போய்விட்டது என்று நினைத்துத் தலையில் கை வைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. கையிலிருந்து கட்டிவிட்டு, பில், சம்மரி, ரிப்போர்ட் எல்லாம் வைத்து ரீஇம்பர்ஸ்மென்ட்டுக்குப் போடலாம். அந்த லெட்டரிலேயே கீழே பொடி எழுத்தில் அப்படி எழுதியிருக்கும். பாலிசியில் சொல்லியிருக்கும் நாளுக்குள் அனுப்பிவிட வேண்டும், அவ்வளவுதான்.

தேவகோட்டைப் பையன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, முக்கியமாக அக்காவுக்கும் அண்ணனுக்கும். போனில் பழைய எஸ்எம்எஸ்ஸைத் தேடினேன். ஃபைனல் பில் கிடைத்தது என்று கம்பெனியிலிருந்து மதியம் 1.50க்கு ஒரு மெசேஜ் இருக்கிறது, 'கூடுதல் தகவல் தேவை' என்பது 4.40க்கு, அப்ரூவல் 8.15க்கு. அதாவது மூன்று மணி நேரம் முடிய பத்து நிமிஷம் இருக்கும்போது க்வெரியைப் போட்டிருக்கிறார்கள். அக்கா சொன்ன மாதிரியேதான், அட்மிஷன் சம்மரியில் சர்க்கரை பதினைந்து வருஷம் என்று இருக்கிறது. அப்பச்சியைக் கேட்டால் 'நான் பத்துன்னுதான் சொன்னேன்' என்கிறார், ஆத்தா சிரிக்கிறார். உண்மையில் எட்டு வருஷம், சீட்டில் தேதி இருக்கிறது. பாலிசி ஏழு வருஷமாக விடாமல் கட்டுகிறோம். பிரபோசல் ஃபாரத்தில் சர்க்கரையை எழுதித்தான் எடுத்தோம், காப்பி இருக்கிறது.

அண்ணே, அந்த 60 மாதக் கணக்கு என்ன?

செக்காலை ரோடு ஏஜெண்ட் எழுதியது:

நினைத்தேன். விட்டுப்போகாமல் 60 மாதம் கட்டிவிட்டால், அதன்பின் 'இதைச் சொல்லவில்லை, அதை மறைத்தாய்' என்று கம்பெனி கிளெய்மை மறுக்க முடியாது, மோசடி என்று நிரூபித்தால் ஒழிய. முன்பு எட்டு வருஷமாக இருந்ததை 2024இல் ஐந்தாகக் குறைத்தார்கள். முன்பே இருந்த நோய்களுக்கான காத்திருப்பும் அதிகபட்சம் 48 மாதத்திலிருந்து 36 ஆயிற்று. ஏழு வருஷப் பாலிசியில், அதுவும் எழுதியே எடுத்த சர்க்கரைக்கு, வருஷத்தைக் கேட்டு என்ன செய்யப் போகிறார்கள்? பதிலை வைத்து எதுவும் மாறப்போவதில்லை என்று தெரிந்தே கேட்ட கேள்வி அது. மெயிலில் இதையே முதல் வரியாக எழுதுங்கள் தம்பி. 1.50, 4.40, 8.15 மூன்று ஸ்க்ரீன்ஷாட்டையும் இணைத்துவிடுங்கள். மெயிலை நீங்கள் எழுதுங்கள், அனுப்பும் முன் எனக்கு ஒரு தனி மெசேஜ் போடுங்கள், பார்த்துத் தருகிறேன்.

புதுவயல் மாமா எழுதியது:

பத்து நிமிஷம் இருக்கும்போது க்வெரி! பணம் வந்தால் இங்கே வந்து எழுதவும். வராவிட்டாலும் எழுதவும்.

முன்னாள் டெஸ்க் எழுதியது:

அம்மாவின் முழங்காலுக்குச் சிலது, மறக்கும்முன் எழுதிவிடுகிறேன். மூட்டு மாற்றுக்குப் பெரும்பாலான பாலிசியில் முதல் இரண்டு வருஷம் காத்திருப்பு உண்டு, சிலவற்றில் மூன்று, அம்மா பெயர் பாலிசியில் எப்போது சேர்ந்தது என்று பாருங்கள். ரூம் வாடகைக்கு வரம்பு இருக்கிறதா என்றும் பாருங்கள், வரம்புக்கு மேல் ரூம் எடுத்தால் வாடகை வித்தியாசத்தோடு நிற்காது, டாக்டர் ஃபீஸ் உட்பட மற்றதிலும் அதே விகிதத்தில் கழிப்பார்கள். திட்டமிட்ட ஆபரேஷன்தானே, அப்ரூவலுக்கு அட்மிஷன் நாள்வரை காத்திருக்காதீர்கள், சில நாள் முன்பே ஃபாரத்தைப் போடச் சொல்லுங்கள். க்வெரி வந்தாலும் நீங்கள் வீட்டில் அலமாரிக்குப் பக்கத்தில் இருப்பீர்கள்.

டிஸ்சார்ஜுக்கு முந்தின நாள் சாயங்காலமே டெஸ்க்கில் போய், நாளைக்கு அனுப்புகிறார்களாம், சம்மரி டிராஃப்ட்டும் இடைக்கால பில்லும் இன்றே போட முடியுமா என்று கேளுங்கள். கேட்டால் செய்வார்கள், யாரும் கேட்பதில்லை. முழங்கால் இம்ப்ளான்ட்டுக்கு 2017இலிருந்து அரசு விலை வரம்பு இருக்கிறது, இருந்தும் இம்ப்ளான்ட் பில்லில்தான் க்வெரி அதிகம் வரும். ஆபரேஷன் முடிந்ததும் அந்த டப்பாவில் இருக்கும் ஸ்டிக்கரைக் கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள், கம்பெனிப் பெயர், சைஸ், பேட்ச் நம்பர் எல்லாம் அதில் இருக்கும். நர்ஸிடம் கேட்டு அதை அன்றைக்கே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.